கள்ளுக்கடை மூடிய மாவட்டம்: சேலம் மதுவிலக்கின் வரலாறு

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1990-களின் பிற்பாதியில்தான். அதற்கு முன் மலையும் அதன் அடிவாரத்து ஊர்களான சேந்தமங்கலம், இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு ஆகியவையும் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1937 அக்டோபர் 1 அன்று இந்த மாவட்டம் முழுவதும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் சட்டப்படி மூடப்பட்டன. இந்தியாவில் மதுவிலக்கைச் சட்டமாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்த முதல் மாவட்டம் சேலம். சட்டத்தைக் கொண்டுவந்தவர் அப்போதைய சென்னை மாகாணப் பிரதமர் சி. ராஜகோபாலாச்சாரி.

சேலம் மதுவிலக்கு பொதுவாகக் காங்கிரஸ் ஆட்சியின் சாதனைப் பட்டியலில் ஒரு வரியாக இடம்பெறுகிறது. அது உருவான விதம் அந்த ஒரு வரியில் தெரிவதில்லை. சட்டம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கதை, படம், நாடகம், பஜனை, திண்ணைப் பேச்சு வழியாகக் குடிக்கு எதிரான ஒரு கருத்து வீடுகளுக்குள் ஊன்றப்பட்டிருந்தது. பழமையில் பற்றுள்ள ஓர் அரசியல், வெகுஜன ஊடகத்தைக் கையில் எடுத்து, கிராமத்திலிருந்து மேலே ஏறி அரசாணையானது தமிழகத்தில் இதுவே முதல் முறை. அந்தக் கருத்தை வளர்த்த கட்சிகள் பல தேய்ந்துவிட்டன. கருத்து தேயவில்லை.

புதுப்பாளையம் ஆசிரமம்

ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றவர்; 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலை விட்டவர், 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நிலத்தைக் கொடுத்தவர் உள்ளூர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். 1925 பிப்ரவரி 6 அன்று ஆசிரமத்தைத் திறந்து வைத்தவர் ஈ.வெ. ராமசாமி. அப்போது அவர் காங்கிரஸில் இருந்தார். அதே ஆண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

பெரியாரின் பங்கைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். கள்ளுக்கடை மறியல் தமிழகத்தில் பெரிதாகப் பேசப்பட்டது 1921-இல் ஈரோட்டில்தான். அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் அந்த மறியலில் இறங்கினார்கள். கள்ளுக்கு மரம் விடக்கூடாது என்பதற்காகச் சேலம் தாதம்பட்டியில் இருந்த தன் தோப்பின் தென்னை மரங்களை அவர் வெட்டச் செய்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பின்னாளில் அவர் மதுவிலக்கை ஏற்காதவராக மாறினார். ராஜாஜி மாறவே இல்லை. ஒரே மேடையில் நின்ற இரு நண்பர்கள் பிரிந்த விஷயங்களில் மதுவும் ஒன்று என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

ஆசிரமத்தின் வேலை நூற்பு, கதர், தீண்டாமை ஒழிப்பு, மருத்துவ உதவி, மதுவிலக்குப் பிரச்சாரம். வறட்சியில் வயல் வேலை இல்லாத பெண்களுக்கு நூற்ற நூலுக்குக் கூலி கிடைத்தது. அந்தக் கூலி வீட்டுக்கு வந்த மாலையே கள்ளுக்கடைக்குப் போவதை ஆசிரமத்தார் பார்த்தார்கள். மது பற்றிய ராஜாஜியின் வாதம் எப்போதும் சமையலறைக் கணக்காகவே இருந்ததற்கு இந்த அனுபவம் ஒரு காரணம். வேதம், ஒழுக்கம், பாவம் என்பதைவிட, சந்தை நாளில் எத்தனை அணா வீட்டுக்கு வந்தது, எத்தனை அணா வழியில் நின்றது என்பதே அவர் பேச்சின் மையம். சாதிக் கட்டுமானத்தைப் பற்றியோ கூலி ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்பது பற்றியோ அந்தக் கணக்கு அதிகம் கேட்கவில்லை. அதன் பலமும் வரம்பும் இரண்டும் இதில் இருந்தன.

விமோசனம்

1929-இல் ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்ற மாத இதழ் வெளிவந்தது. ஆசிரியர் ராஜாஜி, துணையாசிரியர் ரா. கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி. திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் பயிற்சி பெற்றுவிட்டு ஆசிரமத்துக்கு வந்திருந்தார் அவர். முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே ஒரு தமிழ் இதழ் என்பது அப்போது புதுமை. கதைகள், கேலிச்சித்திரங்கள், சிறு உரையாடல்கள், கணக்குக் குறிப்புகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றின. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும். படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். பத்து இதழ்களோடு அது நின்றது. 1930 ஏப்ரலில் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் ராஜாஜி கைதானார். கல்கியும் சிறை சென்றார்.

பத்து இதழ் என்பது குறைவுதான். ஆனால் கல்கியின் எழுத்து நடைக்கு இந்த இதழ் ஒரு பட்டறை. ஒரே கருத்தை மாதாமாதம் சலிக்காமல் சொல்ல வேண்டுமானால் சிரிக்க வைக்கத் தெரிய வேண்டும். பிறகு 'ஆனந்த விகட'னில் லட்சக்கணக்கான வாசகரைக் கட்டிப்போட்ட நகைச்சுவை இந்தக் கட்டாயத்தில் கூர்மையடைந்தது என்று சொல்லலாம். இந்த வட்டாரமும் அவர் கதைகளில் தங்கிவிட்டது. 'பொய்மான் கரடு' சேலம்–நாமக்கல் சாலையோரக் குன்றைப் பெயராகக் கொண்டது. 'பார்த்திபன் கனவி'ல் கொல்லிமலைச் சாரல் காபாலிகரின் மறைவிடமாக வருகிறது.

ராஜாஜியும் கதை எழுதினார். அவருடைய சிறுகதைகளில் கள்ளுக்கடை ஒரு பாத்திரம் மாதிரியே வந்துபோகும். 'திக்கற்ற பார்வதி' அவற்றில் பெயர்பெற்றது: நன்றாக வாழ்ந்த ஓர் இளம் தம்பதி, வண்டி, கடன், குடி, கோர்ட்டு, சிதறல். இலக்கிய விமர்சகர்கள் இந்தக் கதைகளைப் பிரச்சாரம் என்று ஒதுக்கியதுண்டு. பிரச்சாரம்தான், ராஜாஜி அதை மறைக்கவும் இல்லை. கிராமத்துப் பேச்சையும் கடன் பத்திரத்தின் நடைமுறையையும் அறிந்த ஒரு வக்கீல் எழுதிய பிரச்சாரம் என்பதால் அதில் விவரங்கள் பொய்யாகவில்லை.

நாமக்கல்லின் பங்கு பாட்டு. மோகனூரில் பிறந்த வெ. ராமலிங்கம் பிள்ளை, வேதாரண்ய யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்து நாடறிந்த நாமக்கல் கவிஞர் ஆனார். மதுவிலக்கும் அவர் பாடிய பொருள்களில் ஒன்று. அவருடைய 'மலைக்கள்ளன்' நாவல் 1954-இல் படமானது; கதாநாயகன் எம்.ஜி.ஆர்., வசனம் மு. கருணாநிதி. காந்தியக் கவிஞரின் கதையைத் திராவிட இயக்கத்து இருவர் திரையில் ஏற்றினார்கள். அரசியல் மேடையில் எதிரெதிராக நின்றவர்கள் வெகுஜனக் கலையில் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள்.

மேடையும் திரையும்

குடியால் கெடும் குடும்பம் என்ற கதை ஆசிரமத்தின் கண்டுபிடிப்பு அல்ல. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் 'பதிபக்தி' நாடகம் பாய்ஸ் கம்பெனி மேடைகளில் ஊர் ஊராக ஓடியது. குடிகாரக் கணவன், பொறுமையான மனைவி, இறுதியில் மனமாற்றம். எஸ்.எஸ். வாசன் எழுதிய 'சதிலீலாவதி'யும் இதே தடம். இரண்டும் 1936-இல் படங்களாயின. யார் யாரிடமிருந்து எடுத்தது என்ற தகராறும் எழுந்தது. உண்மையில் இரண்டுக்கும் மூலம் 19-ஆம் நூற்றாண்டில் திருமதி ஹென்றி வுட் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில மதுவிலக்கு நாவல். ஸ்காட்லாந்து மதுவிலக்குச் சங்கம் பரிசளித்த கதை மதராஸ் குடும்பக் கதையாக மாறி, சேலத்துக் கொட்டகையில் பெண்களை அழவைத்தது.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், எம்.கே. ராதா, டி.எஸ். பாலையா ஆகியோரின் முதல் படம். தமிழ் சினிமாவின் இத்தனை பெரும் பெயர்கள் ஒரு மதுவிலக்குக் கதையில் அறிமுகமானது தற்செயல்தான். ஆனாலும் படம் வெளிவந்த அடுத்த ஆண்டே சேலத்தில் சட்டம் வந்தபோது, சட்டம் சொல்வது என்ன என்று மக்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

1937 அக்டோபர் 1

1937 ஜூலையில் ராஜாஜி அமைச்சரவை பதவியேற்றது. மதுவிலக்கு தாமதிக்கப்படக் கூடாது என்று காந்தி 'ஹரிஜன்' இதழில் எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் குடியின் வருமானத்தை நம்பியிருப்பது அவமானம் என்பது அவருடைய வாதம். மாகாணம் முழுவதும் ஒரே நாளில் மூட ராஜாஜி துணியவில்லை. நிதி நிலைமையை அறிந்த நிர்வாகி அவர். ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கலாம் என்று முடிவானது. எந்த மாவட்டம் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

அதுவரை சேலத்திலும் மற்ற இடங்களைப் போல மரவரியும் கடை ஏலமும் நடந்தன. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி. கடையை ஆண்டுதோறும் ஏலத்தில் எடுக்கும் குத்தகைதாரர். அவருக்குக் கீழே மரமேறிகள். 1937-ஆம் ஆண்டின் சென்னை மதுவிலக்குச் சட்டம் இந்த அடுக்கு முழுவதையும் ஒரே நாளில் நிறுத்தியது. காய்ச்சுவது, இறக்குவது, விற்பது, வைத்திருப்பது, குடிப்பது எல்லாம் குற்றமாயின. 1938-இல் சித்தூரும் கடப்பையும், 1939-இல் வட ஆர்க்காடும் சேர்க்கப்பட்டன. அக்டோபர் 1939-இல் அமைச்சரவை விலகியது. போர்க்காலத்தில் கவர்னரின் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விடுதலையை ஒட்டி மீண்டும் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டு, 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கானது.

வருமான இழப்பை ஈடுகட்ட ராஜாஜி 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். குடிப்பவன் மட்டும் கொடுத்துவந்த பணத்தை இனி குடிக்காதவனும் கொடுக்க வேண்டும் என்பது அதன் நடைமுறைப் பொருள். மதுவிலக்கு பின்னர் தளர்ந்தது, வரி தளரவில்லை. இன்று இரண்டுமே அரசின் பெரும் வருவாய்.

மரமேறிகளும் மலையும்

சட்டத்தின் கதைகளில் குடிகாரன் உண்டு, மனைவி உண்டு, கடன்காரன் உண்டு. மரமேறி இல்லை, அல்லது வில்லனின் கையாளாக மட்டும் உண்டு. உண்மையில் சட்டம் முதலில் தாக்கியது அவரைத்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் புளிக்காத பதநீர் இறக்கலாம், வெல்லம் காய்ச்சலாம் என்று அரசு மாற்று வழி காட்டியது. பதநீர் சில மாதத் தொழில். வெல்லத்துக்கு விறகு வேண்டும், விலை வேண்டும். பலருக்கு அது கைகொடுக்கவில்லை. கள்ளிறக்கும் கிராமணி சமூகத்தில் பிறந்த ம.பொ. சிவஞானம் மதுவிலக்கை ஆதரித்துப் பேசியதற்காகத் தன் சாதியாரின் பகையைச் சம்பாதித்துக் கொண்டார். அந்தப் பகையில் பசியும் இருந்தது.

மலைகளின் நிலை வேறு. கொல்லிமலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை ஆகியவற்றில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு பயிரிடுபவர்கள். ஊர்க்கவுண்டர், நாட்டார் என்று அவர்களுக்குத் தங்கள் பஞ்சாயத்து இருந்தது. 'விமோசன'த்தின் கேலிச்சித்திரங்கள் சமவெளிச் சந்தையையும் தெருக்கோடிக் கடையையும் மனத்தில் கொண்டு வரையப்பட்டவை. கடையே இல்லாத மலைக்குச் சட்டம் கதையாகப் போகவில்லை. வழக்காக மட்டுமே போனது. சமவெளியில் கடை மூடியதும் ஓடைநீரும் விறகும் மறைவும் உள்ள மலைச்சரிவுகள் கள்ளச்சாராயத்துக்கு வசதியான இடங்களாயின. முதலீடு போட்டவரும் குடித்தவரும் பெரும்பாலும் கீழே இருந்தார்கள். பெயர் கெட்டது மலைக்கு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோதும் பேச்சு உடனே கல்வராயன் மலைப் பக்கம் திரும்பியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியினர்.

மழையில் ஒரு சந்திப்பு

1959-இல் ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். தொழிலிலும் நிலத்திலும் அரசு தலையிடக் கூடாது என்ற கட்சி அது. லைசென்ஸ்–பெர்மிட் ஆட்சியைக் கிண்டலடித்த கட்சி. மனிதன் என்ன குடிக்கலாம் என்பதில் மட்டும் அரசு தலையிட வேண்டும் என்பதில் அதன் தலைவர் உறுதியாக இருந்தார். முரண்பாடு என்று எதிரிகள் சொன்னார்கள். குடும்பத்தை அரசிடமிருந்தும் கடையிடமிருந்தும் ஒருசேரக் காப்பதே பழமைவாதம் என்று கருதினால் முரண்பாடு குறைகிறது. முழுதாகத் தீர்வதில்லை.

1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தது. தொண்ணூறைக் கடந்த ராஜாஜி முதல்வரின் வீட்டுக்கு நேரில் சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொட்டும் மழையில் போனார் என்பது இந்தச் செய்தியின் பிரிக்க முடியாத பகுதி. மழை இல்லாமல் இதைச் சொல்லும் மேடைப் பேச்சாளரைத் தமிழகத்தில் காண்பது கடினம். கட்சி வேறுபாடின்றி மதுவிலக்கு மேடைகளில் அரை நூற்றாண்டாக இது ஓதப்படுகிறது. கடைகள் அந்த ஆகஸ்டின் இறுதியில் திறந்தன. 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. அதைப் பார்க்க ராஜாஜி இல்லை. 1972 டிசம்பர் 25 அன்று மறைந்திருந்தார். 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் 'திக்கற்ற பார்வதி'யைப் படமாக்கினார். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே படப்பிடிப்பு நடந்தது. ஸ்ரீகாந்தும் லட்சுமியும் நடித்த அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

விருது கிடைத்த படத்தைவிட ஆழமாகப் போனது எம்.ஜி.ஆரின் திரை உருவம். குடிக்காத, புகைக்காத, தாயை வணங்கும் நாயகன். 'ஒளிவிளக்கு' (1968) படத்தில் அவர் குடிப்பவராக வருவார். உடனே அவருடைய மனச்சாட்சியே பல உருவங்களாக எழுந்து அவரைக் கேள்வி கேட்கும். இரசிகர் மன்றங்கள் அந்த உருவத்தைச் சேரிக்கும் குக்கிராமத்துக்கும் கொண்டுசென்றன. 'தாய்க்குலம்' என்று அவர் அழைத்த பெண்கள் வாக்குச்சாவடியில் அந்த உருவத்துக்கே முத்திரை குத்தினார்கள். புதுப்பாளையத்தில் அணாக் கணக்கோடு பேசப்பட்ட வீட்டு அரசியல் இப்படிக் கட்சி மாறி, நிறம் மாறி, வண்ணப்படமாக வந்துசேர்ந்தது. ஆட்சியில் அவரும் நிலைத்து நிற்கவில்லை. 1981-இல் கடைகள் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதனிடமே வந்தது. 2023–24-இல் அதன் வழியே அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

சேலத்துப் பிடிவாதம் அதற்குப் பிறகும் அறவே போய்விடவில்லை. மதுக்கடைகளுக்கு எதிராகப் பலமுறை உண்ணாவிரதம் இருந்த காந்தியவாதி சசிபெருமாள் சேலம் மாவட்டத்துக்காரர். 2015 ஜூலை 31 அன்று, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடையை அகற்றக் கோரி செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிர் துறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். அவர் இடதுசாரிப் பாடகர். 2016 மே மாதம் மீண்டும் முதல்வரான ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட உத்தரவிட்டார். நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் சொன்னதால் 2017-இல் கடைகள் ஊருக்குள் நகர்ந்தபோது, எந்தக் கட்சியும் அழைக்காமலே பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுபக்கம், கொங்குப் பகுதியிலிருந்தே கள் இயக்கமும் எழுந்தது. பனையும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயிகள், கள் உணவு, அதைத் தடுக்காதே என்கிறார்கள். இரண்டு தரப்புமே மரபின் பெயரால்தான் பேசுகின்றன.

மரபு என்று போனால் கொல்லிமலையில் வேறொரு சாட்சியும் உண்டு. புறநானூற்றில் வன்பரணர் வல்வில் ஓரியைக் காட்டில் சந்திக்கிறார். யாரென்று தெரியாத அந்த வேடன், தான் எய்த மானின் கொழுத்த இறைச்சியைச் சமைத்துக் கொடுத்து, உருக்கிய நெய்போன்ற மதுவையும் பாணர் கூட்டத்துக்கு வழங்குகிறான். கொல்லியின் தலைவனுடைய ஈகைக்கு அடையாளமாகச் சங்கப் புலவர் காட்டிய பொருள்களில் மதுவும் ஒன்று. ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டிச் செம்மேட்டில் அரசு விழாவாக ஓரி விழா நடக்கிறது. குதிரை மேல் அமர்ந்த ஓரி சிலைக்கு மாலை, வில்வித்தைப் போட்டி, மலையாளிகளின் ஆட்டம், அரசுத் துறைகளின் கண்காட்சி எல்லாம் உண்டு. கூட்டத்தைக் கருதி, அந்த நாட்களில் மலையிலுள்ள டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவிடுவதும் வழக்கமாகியிருக்கிறது.